கறவைக்கும் ஷிஃப்டுக்கும் நடுவே: தினசரி ஜெபத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது பலருக்கும் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டையும் மனசில் ஒரு தீர்மானமும் இருக்கும்: இந்த வருஷம் வேதத்தை முழுசாக வாசித்துவிட வேண்டும். கணக்கு எளிதுதான். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் இருக்கும் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக வாசித்தால் டிசம்பரில் முடிந்துவிடும். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. ஆக ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். பலிகள், கொழுப்பு, குஷ்டரோகச் சட்டங்கள். பெரும்பாலான தீர்மானங்கள் அங்கேயே படுத்துவிடுகின்றன.

குறை பக்தியில் இல்லை, போட்ட திட்டத்தில். தன் நாள் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் போட்ட திட்டம் அது. கொங்கு நாட்டில் நம்மில் பலருடைய நாள் நம் கையில் இல்லை. பால் சொசைட்டி நேரம், மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம், மில் ஷிஃப்ட், பனியன் கம்பெனியில் ஆர்டர் போக வேண்டிய தேதி என்று வேறு யாரோதான் அதை ஓட்டுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி உங்கள் வேலை நாளிலிருந்து தொடங்குகிறது. ஜெபம் அதற்குள் எங்கே உட்காரும் என்பது அடுத்த கேள்வி. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே யாராக இருந்தாலும் பயன்படும். சில சொற்கள் மாறும், அவ்வளவுதான்.

மனம் நிறைவதைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறைந்ததா, நிறைந்ததா என்று தினமும் சோதித்துப் பார்க்காதீர்கள். வாய்க்காலில் மடை திறந்து பாய்ச்சியே பழகியவர்கள், தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்ட புதிதில் "இது எங்கீங்க நனையுது?" என்று கேட்பார்கள். மேல்மண் காய்ந்துதான் தெரியும். வேர்ப்பக்கம் தோண்டினால்தான் ஈரம் தட்டுப்படும்.

முதல் படி: நேரத்தைத் தேடுவது

மூன்று நாளைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். எழுந்தது முதல் படுத்தது வரை எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வருகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். எங்கேயாவது ஒரு இடைவெளி கட்டாயம் தெரியும். பெரும்பாலும் அந்த இடைவெளியில் போன் உட்கார்ந்திருக்கும்.

அதிகாலை ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருப்போம். மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்ததாக இருப்பது உண்மைதான். ஆனால் நாலரை மணிக்குக் கட்டுத்தறியில் பால் பீய்ச்ச உட்காருகிறவருக்கு, அதற்கும் முன்னால் எழுந்து ஜெபியுங்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்குப் பொருத்தமான நேரம் பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு திரும்பி வந்த பிறகு. மாடு தண்ணி குடித்துவிட்டது, வீட்டில் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் போதும்.

நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்குக் காலை என்பது மத்தியானம் தூங்கி எழுகிற நேரம்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. 134-ஆம் சங்கீதத்தில் மொத்தமே மூன்று வசனம். அது இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பாடப்பட்டது. இரவில் கண்விழித்து வேலை செய்கிறவர்களுக்கு வேதத்தில் ஒரு சங்கீதமே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பும் அம்மாக்களுக்கு, ஸ்கூல் வேன் போன கையோடு வருகிற நேரம்தான் நல்லது. அடுத்த வேலையைக் கையில் எடுத்துவிட்டால் அப்புறம் ராத்திரிதான்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாதீர்கள், ஒரு வேலையில் கட்டுங்கள். "எட்டு மணிக்கு ஜெபிப்பேன்" என்றால் எட்டு ஐந்துக்கு அந்த நாள் போயே போய்விட்டது. "வேன் போனதும் ஜெபிப்பேன்" என்றால் வேன் லேட்டாக வந்தாலும் ஜெபம் தப்பாது.

இரண்டாம் படி: இடம்

மத்தேயு 6:6 அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்கிறது. திருப்பூர் லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும்போது எந்தக் கதவைப் பூட்டுவது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பெற்றது 19 பிள்ளைகள். வீட்டுக் கூச்சலுக்கு நடுவே அவர் மேல்துணியை எடுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். அம்மா துணிக்குள் இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். நம் பெண்கள் ஜெபத்துக்கு முந்தானையைத் தலையில் இழுத்துப் போடுகிறார்களே, அதையே வீட்டுக்கு ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். முந்தானை தலையில் இருந்தால் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. ஒரு வாரத்தில் சின்னப் பிள்ளைகூடப் பழகிவிடும்.

மொட்டைமாடிப் படி, தோட்டத்துச் சாளைத் திண்ணை, கம்பெனி ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியின் சீட் எதுவும் ஆகும். தினமும் அதே இடமாக இருக்கட்டும். நான்கைந்து வாரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்ததுமே மனசு பாதி அடங்கிவிடும்.

வேதாகமம் அச்சுப் புத்தகமாக இருப்பதே மேல். போனில் வாசிக்கும்போது மேலே ஒரு மெசேஜ் வந்து இறங்கினால் வசனம் போச்சு. வேறு வழியில்லை, போன்தான் என்றால் நெட்டை அணைத்துவிட்டு வாசியுங்கள். காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூவும் சூரியனுமாக வருகிற வசனப் படங்களைப் பார்ப்பது வேதம் வாசித்த கணக்கில் சேராது. கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் அப்படித்தான்.

மூன்றாம் படி: முதல் மாதம், பத்து நிமிடம் மட்டும்

உற்சாகம் இருக்கிறது என்று முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். முதல் மாதம் பத்து நிமிடத்தைத் தாண்டவே வேண்டாம். இன்னும் கொஞ்சம் உட்காரலாமே என்று தோன்றும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் கால் தானாக அங்கே போகும்.

உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மூச்சு சீராகட்டும். பிறகு ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் உதடு அசைந்தால் போதும். அடுத்து சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி. முதலில் மாற்கு நல்லது, 16 அதிகாரம்தான், கதையும் வேகமாக ஓடும். கடைசியில் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டுக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடியுங்கள். சிலுவை அடையாளம் போடுகிறவர்கள் தொடக்கத்திலும் முடிவிலும் போடுங்கள். உடம்புக்கும் இதில் பங்கு உண்டு.

மாதம் கடந்தபின் நேரத்தை மெல்லக் கூட்டலாம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடிகிறது. சனி, ஞாயிறு விடுமுறை. வாரக் கடைசியில் விருந்தும் விசேஷமும் வருகிற நம் ஊருக்கு இதைவிடத் தோதான திட்டம் கிடையாது.

நான்காம் படி: மெதுவாக வாசிப்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். வேதம் வாசிப்பது வேறு, வேதம் நம்மை வாசிக்க விடுவது வேறு. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ இதை நான்கு படியுள்ள ஏணியாக எழுதி வைத்தார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், சும்மா தேவனோடு இருத்தல். துறவிகளுக்காக எழுதியதுதான், தறிக்காரருக்கும் பொருந்தும். ஒரு பகுதியை எடுத்துச் செய்தே காட்டுகிறேன்.

மாற்கு 10:46 முதல் 52 வரை. எரிகோவில் வழியோரம் உட்கார்ந்து பிச்சை கேட்கிற குருடன் பர்திமேயு. ஏழே வசனம். முதல் தடவை கதையாக வாசியுங்கள். இரண்டாம் தடவை மெதுவாக. எந்த இடத்தில் மனசு நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள், மேலே போகாதீர்கள்.

ஒருவருக்கு 49-ஆம் வசனத்தில் "இயேசு நின்று" என்ற இடத்தில் நிற்கலாம். அவர் எருசலேமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே நகரத்துக்குள் நுழையப்போகிறார். அத்தனை பெரிய பயணத்தில், சும்மா இரு என்று கூட்டமே அதட்டிய ஒருவனுக்காக நிற்கிறார்.

இன்னொருவருக்குக் கண்ணில் படுவது மேல்வஸ்திரம். அவன் அதை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். அந்தக் காலத்தில் ஏழைக்குப் போர்வையும் அதுதான். அடகு வாங்கியிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று யாத்திராகமம் 22 சொல்வது அதனால்தான். இன்னும் பார்வை வரவில்லை, கையில் இருந்த ஒரே துணியை அதற்குள் எறிந்துவிட்டான். நாம் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

51-ஆம் வசனத்தில் இயேசு கேட்கிற கேள்வி, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பினால் 36-ஆம் வசனத்தில் கிட்டத்தட்ட இதே கேள்வியை யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். கூடவே இருந்த சீஷர்கள் வலது பக்கமும் இடது பக்கமும் நாற்காலி கேட்டார்கள். வழியோரப் பிச்சைக்காரன் பார்வை கேட்டான். வேகமாக வாசித்தால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதே தெரியாது.

குய்கோவின் ஏணியில் மூன்றாவது படி, அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்வது. உங்களிடம் கேட்டதாகவே வைத்துக்கொண்டு உண்மையான பதிலைச் சொல்லுங்கள், அழகான பதில் வேண்டாம். நான்காவது, பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ சும்மா இருப்பது. அப்போது தறிச்சத்தம் கேட்கும், குக்கர் விசில் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஐந்தாம் படி: சங்கீதங்களிடம் கடன் வாங்குவது

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று பலர் சொல்வார்கள். வராத நாளுக்குத்தான் சங்கீதங்கள். துறவி பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் 150 சங்கீதங்களையும் ஒரே வாரத்தில் பாடி முடிக்கும்படி தன் மடத்துக்கு ஒழுங்கு வகுத்தார். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் அதை முப்பது நாளாகப் பிரித்தது. குடும்பஸ்தருக்கு இன்னும் எளிதான கணக்கு இருக்கிறது: அன்றைய தேதியை எடுத்து முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 5-ஆம் தேதி என்றால் 5, 35, 65, 95, 125. இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். 31-ஆம் தேதிக்கு 119-ஆம் சங்கீதத்தில் ஒரு துண்டு. 176 வசனமுள்ள அது, எட்டெட்டு வசனமாக 22 துண்டாகப் பிரிந்திருக்கும்.

எல்லாச் சங்கீதமும் 23-ஆம் சங்கீதம்போல இனிமையாக இருக்காது. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றே ஆரம்பிக்கிறது. சிலது எதிரியைச் சபிக்கும். படித்தால் கூசும். அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். வரப்புத் தகராறில் பங்காளிமேல் உள்ள ஆத்திரத்தை மனசுக்குள் புழுங்க விடுவதைவிடத் தேவனிடம் கொட்டிவிடுவது மேல். அங்கே கொட்டினால் அது அரிவாளாகவும் ஆகாது, வக்கீல் நோட்டீஸாகவும் ஆகாது.

ஆறாம் படி: வீட்டுப் பேச்சில் ஜெபிப்பது

சபை ஜெபத்தில் "நீர்", "உம்முடைய" என்று வரும். நல்ல மொழிதான். ஆனால் தனி ஜெபத்துக்கு அந்த மொழி வாயில் வராவிட்டால் ஜெபமே வராது என்று இருந்துவிடாதீர்கள். "ஆண்டவரே, மஞ்சள் வெலை இப்படி எறங்கிப்போச்சுங்களே, வட்டி கட்டோணும், என்ன பண்றதுங்க?" என்பதும் ஜெபம்தான். உங்கள் அப்பாவிடம் பேசுகிற மரியாதையில், அதே பேச்சில் பேசுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு யார் யாருக்காக ஜெபிக்கிறோம் என்று கிழமை வாரியாகப் பேர் எழுதினால் ஜெபம் அலையாது. திங்கள் பிள்ளைகள், செவ்வாய் உடம்பு சரியில்லாதவர்கள் என்று உங்கள் இஷ்டம்போலப் பிரியுங்கள். சனிக்கிழமை சம்பள நாள். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர் அன்றைக்கு ஒவ்வொரு தொழிலாளியின் பேரையும் சொல்லி ஜெபித்துப் பாருங்கள். பேரைச் சொல்லி ஜெபித்த ஆளின் பீஸ் ரேட்டில் கை வைப்பது கஷ்டம். ஜெபத்துக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

ஏழாம் படி: வேலைக்கு நடுவே

55-ஆம் சங்கீதம் அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்று வேளை சொல்கிறது. தானியேலும் நாளுக்கு மூன்று தரம் முழங்கால் போட்டார். கத்தோலிக்க ஆலயங்களில் காலை, நண்பகல், மாலை அடிக்கும் மணிக்கு மூவேளை ஜெபம் சொல்வதும் இந்த வழிதான். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நடுவில் எழுந்துபோக வழியில்லை. அவருக்கு ஒற்றை வரி ஜெபம் போதும். பாலைவனத் துறவிகளிடம் கற்றதாக ஜான் காசியன் 5-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த வரி 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." கிழக்குச் சபைகளில் "இயேசுவே, எனக்கு இரங்கும்" என்ற சாயலில் சொல்வார்கள். நூல்கோன் மாற்றும்போது ஒரு தரம், டீ வரும்போது ஒரு தரம். யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் போகிற கத்தோலிக்கருக்கு ஜெபமாலை இருக்கிறது. பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றுச் சொல்ல இருபது நிமிடம் பிடிக்கும். அவிநாசியில் ஏறிக் காந்திபுரம் வருகிறவருக்குக் கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் நன்றாகவே முடிந்துவிடும். அக்டோபரில் ஜெபமாலை அன்னை திருவிழாவுக்கு ஊரே திரளும் கருமத்தம்பட்டிதான் அது, அதனால் பொருத்தமும்கூட.

எட்டாம் படி: படுக்கும் முன் நாளைத் திருப்பிப் பார்ப்பது

1521-இல் பாம்ப்லோனா சண்டையில் காலில் குண்டடி பட்டுப் படுத்துக் கிடந்தபோது மனம் திரும்பியவர் இஞ்ஞாசியார். சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கியவர். அவர் சொல்லிக்கொடுத்த ஆன்மச் சோதனையில் ஐந்து பகுதி: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, அன்றைய நாளை மணிவாரியாகப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன செய்வது என்று தீர்மானிப்பது.

நன்றியை முதலில் வைத்ததில் பெரிய விவேகம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் பாவத்தைத் தோண்டினால் ஒன்று சோர்வு வரும், இல்லை தூக்கம் வரும். நன்றியும் மொத்தமாகச் சொல்லாமல் குறிப்பாக இருக்கட்டும். "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்று முடித்துவிடாதீர்கள். காலையில் பஸ் கண்டக்டர் சில்லறைக்கு முகம் சுளிக்காமல் இருந்தார். மத்தியானம் பக்கத்து மெஷின் அக்கா தக்காளி சாதத்தில் பாதி கொடுத்தார். இப்படி.

அப்புறம் நாளைப் பாருங்கள். கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணிக்குச் செக்கிங்கில் ஒரு பொண்ணு பத்து பீஸைத் திருப்பி அனுப்பியதும் எல்லார் முன்னாலும் கத்தினீர்கள். அந்த நிமிடத்தில் நிறுத்திக்கொண்டு, கோபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பீஸ் சரியில்லாததாலா, ஆர்டர் கொடுத்த பையர் காலையில் போனில் பேசிய பேச்சாலா? பையரிடம் காட்ட முடியாததை அந்தப் பொண்ணிடம் காட்டினீர்கள் என்று தெரிந்தால், மன்னிப்பு கேட்க வேண்டியது தேவனிடம் மட்டும் இல்லை. நாளைக் காலை அவர் டேபிளுக்குப் போய் இரண்டு வார்த்தை சொல்வதுதான் ஐந்தாவது பகுதி. மொத்தமும் எட்டு நிமிடத்துக்குமேல் வேண்டாம். பிறகு 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுப் படுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்."

ஒன்பதாம் படி: குடும்பத்தோடு

குடும்ப ஜெபம் நீண்டுகொண்டே போவதால்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கால் மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடம் வேண்டாம். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். வாசிப்பது முறை வைத்துச் சுற்றி வரட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கும் முறை உண்டு. அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: "ஆண்டவரே, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போன் நோண்டுகிற இந்தப் பையனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பது ஜெபம் அல்ல, திட்டு. கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது, அவ்வளவுதான்.

கொங்குப் பக்கம் பல வீடுகளில் கிறிஸ்தவர் ஒருவர்தான் இருப்பார். கட்டிக்கொண்டு வந்த மருமகளாக இருக்கலாம், தானாக விசுவாசத்துக்கு வந்த மகனாக இருக்கலாம். அங்கே சத்தமில்லாமல் செய்வதே நல்லது. "அத்தை, பத்து நிமிஷம் உள்ள இருந்துட்டு வந்துடறனுங்க, அடுப்பைச் சின்னதா வெச்சிருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற மருமகளை எந்த மாமியாரும் பெரும்பாலும் தடுக்க மாட்டார். ஜெபித்துவிட்டு வந்தவள் சிடுசிடுப்பாக வந்தால்தான் பேச்சு கிளம்பும். வீட்டில் நோன்பு, விசேஷம் என்று வந்தால் எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்குவது என்பதை அந்த நேரத்துச் சண்டையில் முடிவு செய்யாதீர்கள். ஒரு சாதாரண நாளில் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பத்தாம் படி: சபையும் உபவாசமும்

லண்டன் மிஷன் ஊழியர் ஆடிஸ் 1830-இல் கோவைக்கு வந்த நாள் முதல் இந்தப் பக்கம் சபைகள் சிதறியே இருக்கின்றன. இப்போதும் கிராமத்து ஆலயத்துக்கு ஆயர் எல்லா ஞாயிறும் வர முடிவதில்லை. உபதேசியாரோ சபை மூப்பரோதான் நடத்துவார். அதனால் வீட்டு ஜெபத்துக்கு இங்கே கனம் அதிகம். அதற்காக ஆலயத்தை விட்டுவிடக் கூடாது. திருவிருந்து, திருப்பலி, பாவசங்கீர்த்தனம் எதுவும் வீட்டில் கிடைக்காது. தனியாகவே ஜெபிக்கிறவர் நாளடைவில் தன் குரலையே தேவன் குரலாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டவுனுக்குக் கடைக்குப் போகிற நாளில், கோவை பெரிய கடைவீதிப் பேராலயமோ ஈரோடு பிரப் நினைவு ஆலயமோ திறந்திருந்தால் உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆள் இல்லாத ஆலயம் வேறு மாதிரி இருக்கும்.

உபவாசத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரு வேளை போதும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரையிலான தவக்காலம் 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. அதற்குள் எப்படியும் ஒரு கிடா விருந்து அழைப்பு வரும். போய் இலையில் உட்கார்ந்து ரசமும் மோரும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம், விளக்கவுரை வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. அவர்கள் சீரியலையோ ரீல்ஸையோ விடட்டும். மிச்சமான சாப்பாட்டுக் காசு யாருக்காவது போய்ச் சேர வேண்டும். ஏசாயா 58 கேட்கிற உபவாசம் அதுதான்.

வறண்ட நாட்கள்

சில மாதம் கழித்து ஒரு கட்டம் வரும். உட்காருவீர்கள், வாசிப்பீர்கள், ஒன்றும் இருக்காது. பாவம் செய்துவிட்டோமா, தேவன் கைவிட்டாரா என்று குழம்புவீர்கள். இது எல்லாருக்கும் வருவது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. எழுந்து போகத் தோன்றும் நாளில் குறித்த நேரத்துக்குமேல் கொஞ்சம் கூடவே உட்கார் என்றும் சொல்கிறார். ஒரு நிமிடம் கூட இருந்தால் போதும்.

ஆனால் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கை ஓடவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அது வறட்சி அல்ல. அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜெபம் போதவில்லை என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஜெபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும்.

இதையெல்லாம் பேச ஒரு ஆள் இருப்பது நல்லது. ஆயராகவோ கன்னியாஸ்திரியாகவோ சபையில் வயதான அம்மாவாகவோ இருக்கலாம். மாதம் ஒரு தரம் அரை மணி நேரம். கேட்டதை வெளியே சொல்லாத ஆளா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாண சீசன், அறுவடை, ஆஸ்பத்திரி, ஷிப்மென்ட் வாரம் என்று ஏதாவது வந்து பத்து நாள் அப்படியே போய்விடும். விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்துவைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். லேவியராகமத்தில் படுத்த தீர்மானம் மறுபடி படுத்துவிடும். சங்கீதத்தைத் தேதியில் வைத்ததன் வசதியே இங்கேதான். நேற்றைய பாக்கி என்று ஒன்று அதில் இல்லை. இன்று 17-ஆம் தேதி என்றால் 17, 47, 77, 107, 137. இதில் ஒன்றைத் திறந்து வாசியுங்கள். மாற்குவில் எங்கே விட்டீர்கள் என்பது மறந்திருந்தால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்துக்கே போங்கள். வேலை நேரம் மாறியிருந்தால் பழைய இடைவெளியும் போயிருக்கும், அப்போது துண்டுச் சீட்டை எடுத்து மறுபடி மூன்று நாளுக்குக் குறித்துப் பாருங்கள்.